பழைய ரெசிடென்ட் ஈவில் ஹாரர் வீடியோ கேம்ல கன்ட்ரோல் ஏன் இவ்ளோ கொடுமையா இருக்கு?

அது பக் இல்லைங்க, வேணும்னே வச்சது. 1996ல வந்த முதல் கேம்ல பின்னாடி தெரியுற மாளிகை எல்லாம் முன்னாடியே கம்ப்யூட்டர்ல வரைஞ்சு (ரெண்டர் பண்ணி) வச்ச படம், அதனால கேமரா நகராது, ரெண்டு அடி நடந்தா ஆங்கிள் டக்குனு மாறிடும், பட்டனோட திசையும் அதோட மாறினா நேரா ஸாம்பி வாயிலதான் போய் விழுவீங்க. அதான் மேல் பட்டன் அமுக்குனா ஆளு பாக்குற பக்கமே நடப்பான், இடது வலது அமுக்குனா நின்ன இடத்துலயே சுத்துவான், டேங்க் மாதிரி. துப்பாக்கிய தூக்கிட்டா நகரவே முடியாது (நான் முதல் ஸாம்பிகிட்டயே செத்தேன்). சேவ் பண்ண இங்க் ரிப்பன்னு ஒரு பொருள வேற கேமுக்குள்ள தேடணும். கிறிஸ், ஜில்னு ரெண்டு பேர்ல ஒருத்தர எடுத்து ஆடணும்; பொருள் வைக்க கிறிஸ்ஸுக்கு 6 ஸ்லாட்தான் (இடம்), ஜில்லுக்கு 8, அதனால ஜில்லை எடுங்க, எல்லாத்தையும் சுடாம ஒதுங்கி ஓடுங்க. ரொம்ப கடுப்பா இருந்தா 2015 ஹெச்டி ரீமாஸ்டர்ல புது கன்ட்ரோலும் இருக்கு.