எல்.கே.ஜி வகுப்புக்குப் பொம்மை வாங்கப் பணம் இல்லை. மூடி, கொட்டாங்குச்சி, அட்டைப்பெட்டி வைத்து விளையாட விட்டால் பாடம் நடக்குமா?

நடக்கும். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், பொம்மையைவிட 'பாடம் எங்கே?' என்று கேட்கப்போகிற நிர்வாகத்துக்குத்தான் பயப்படுகிறீர்கள் என்று தோன்றுகிறது. தனியார் பள்ளியாகத்தான் இருக்கும்.

நான் யூ.கே.ஜி எடுக்கிறேன். வகுப்பு மூலையில் ஒரு சாக்கு கிடக்கும். பாட்டில் மூடி, கொட்டாங்குச்சி, துணிக்கடை அட்டைப்பெட்டி, வீட்டில் சேர்த்த புளியங்கொட்டை. அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்வதில்லை. ஒருநாள் ரேஷன் கடை போட்டார்கள். கொட்டை சர்க்கரையானது, கிழித்த அட்டை ஸ்மார்ட் கார்டானது. கடைக்காரம்மா வந்தவனின் விரலை மூடியில் அழுத்திப் பார்த்துவிட்டு, "ரேகை விழல, உங்க ஆச்சிய வரச்சொல்லு" என்றாள். சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்புறம் சண்டை. ஒருவனுக்குப் பெரிய கொட்டாங்குச்சியில் அளந்தாள், அடுத்தவளுக்குச் சின்னதில். "எனக்கு மட்டும் கம்மி!" நான் வாயே திறக்கவில்லை. சின்னதில் நிரப்பிப் பெரியதில் கொட்டினார்கள், நிறையவில்லை. திருப்பிக் கொட்டினால் வழிந்து ஓடியது. அதிலும் சமாதானமாகாமல் எண்ண உட்கார்ந்தார்கள். இருபதைத் தாண்டியதும் தடுமாற்றம். ஒரு பயல் பத்துப் பத்தாகக் குவித்து வைத்தான். முகத்தலளவையும் பத்தின் மடங்கும் ஒரே சண்டையில் முடிந்தன.

அந்த நேரம் பார்த்து எட்டிப் பார்த்த கரஸ்பாண்டன்ட், "என்ன மிஸ், சந்தையா?" என்றார். மறுநாள் ஒரு அம்மா, "நோட்டுல ஒண்ணுமே எழுதலையே மிஸ்."

உடனே எழுத்தே வேண்டாம் என்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். என் பிள்ளைகளும் எழுதத்தான் செய்கிறார்கள். இது நான் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. கிண்டர்கார்டனுக்கு அந்தப் பெயரை வைத்த ஜெர்மானியர் ஃப்ரோபெல், 1837இல் தொடங்கிய இடத்தில் பிள்ளைகள் கையில் கொடுத்தது நூல் பந்தும் மரக்கட்டையும்தான். நகர்த்தவும் மாற்றவும் முடிகிற உதிரிப் பொருள்கள் கூடக்கூடக் கற்பனையும் கூடும் என்று சைமன் நிக்கல்சன் என்ற பிரிட்டிஷ் கலைஞர் 1971இல் எழுதினார். மாண்டிசோரி கல்விமுறை படித்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் உங்கள் இளஞ்சிவப்புக் கோபுரம் நல்லதுதான், ஆனால் பெரியதிலிருந்து சின்னது என்று அதற்கு ஒரு வரிசை உண்டு. சாக்குக்கு அது கிடையாது.

உங்களுடையது எல்.கே.ஜி என்பதால் புளியங்கொட்டை வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்வார்கள். வாய்க்குள் போகாத பெரிய மூடிகளாகப் பாருங்கள். கொட்டாங்குச்சி விளிம்பை உப்புத்தாளில் தேய்த்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள், வீசி விளையாடத்தான் தோன்றும்.

விளையாடினால் நேரம் வீண் என்கிற இதே நிர்வாகம்தான் மே மாத வெயிலில் எங்களை அட்மிஷன் பிடிக்க வீடு வீடாக அனுப்புகிறது. நோட்டீஸைக் கையில் கொடுத்து, ஆளுக்கு இத்தனை பிள்ளை என்று கணக்கு வேறு. அந்த மாதச் சம்பளம் கேட்டால், "லீவுதானே மிஸ்" என்கிறார்கள். அதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள், விடிய விடிய எழுதுகிறேன்.