முடிவு தெரிந்த கதையில் என்ன திகில்?

கேள்வி: என் மனைவியும் கல்லூரியில் படிக்கும் மகளும் காதலும் மர்மமும் கலந்த நாவல்களாகத் தேடித் தேடிப் படிக்கிறார்கள். ஒரு பெரிய மாளிகை, முகம் கொடுத்துப் பேசாத நாயகன், ஒரு பழைய சாவு. கடைசியில் இருவரும் சேர்ந்துவிடுவார்கள். முடிவு முன்கூட்டியே தெரிந்த கதையில் என்ன திகில் இருக்க முடியும்? நல்ல துப்பறியும் கதையில் காதலைக் கலந்து கெடுப்பதுதானே இது?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: முடிவு தெரிந்தால் திகில் போய்விடும் என்கிறீர்கள். டாஃப்னி டு மாரியே 1938-இல் எழுதிய 'ரெபெக்கா'வின் முதல் இரண்டு அத்தியாயங்களைப் படித்துப் பாருங்கள். கதை நடக்கும் மாண்டர்லி மாளிகை இப்போது நாயகன், நாயகி கையில் இல்லை. கணவனும் மனைவியுமாக அவர்கள் சேர்ந்தேதான் இருக்கிறார்கள். அந்நிய நாட்டில் ஓட்டலில் காலம் தள்ளுகிறார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் ஆசிரியர் கதையையே ஆரம்பிக்கிறார். அப்புறமும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. ஏனென்றால், சேர்வார்களா மாட்டார்களா என்பது அங்கே கேள்வியே இல்லை. நான் கட்டிக்கொண்ட இந்த மனிதர் யார் என்பதுதான் கேள்வி.

துப்பறியும் கதையில் ஒரு பிணம் கிடக்கும். துப்பறிபவர் வெளியிலிருந்து வருவார், நாலு பேரை விசாரிப்பார், வேலை முடிந்ததும் தன் வீட்டுக்குப் போய்விடுவார். இந்த நாவல்களில் துப்பறிகிறவளுக்குத் திரும்பிப் போக வேறு வீடு கிடையாது. யார்மேல் சந்தேகமோ அவர் எதிரில் உட்கார்ந்துதான் அவள் சாப்பிட வேண்டும். அவளுக்குக் கிடைக்கும் தடயங்களும் வீட்டுக்குள்ளேயே கிடப்பவை. யாரோ போட்டுக் கழற்றிய மழைக்கோட்டின் பையில் உதட்டுச்சாயக் கறையோடு ஒரு கைக்குட்டை. மேசை இழுப்பறையில் இன்னொருத்தியின் கையெழுத்து. முதல் தாரத்தின் பெயரை எடுத்ததும் வேலைக்காரர்கள் முகத்தில் வரும் மாற்றம்.

'ரெபெக்கா'வின் நாயகி இரண்டாம் தாரமாக அந்த வீட்டுக்கு வருகிறாள். அவள் பெயர் கடைசி வரை நமக்குச் சொல்லப்படுவதில்லை. வந்த புதிதில் வீட்டுக்குள் இருக்கும் தொலைபேசி மணி அடிக்கிறது. கணவனின் குடும்பப் பெயரைச் சொல்லி, திருமதி டி வின்டரா என்று கேட்கிறார்கள். அவர் இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே என்று பதில் சொல்லிவிடுகிறாள். இப்போது திருமதி டி வின்டர் தான்தான் என்பது அவளுக்கே உறைக்கவில்லை! இன்னொரு நாள் ஒரு பீங்கான் பொம்மையைக் கைதவறி உடைத்துவிட்டு, சில்லுகளைப் பொறுக்கி இழுப்பறைக்குள் ஒளித்து வைக்கிறாள். வீட்டு எஜமானி அவள். தன் வீட்டுப் பொம்மையை உடைத்ததற்குப் பயப்படுகிறாள். அந்தப் பழி ஒரு வேலைக்காரன்மேல் விழப்போகும்போதுதான் உண்மை வெளியே வருகிறது. கொலை, போலீஸ் எதுவும் இன்னும் கதைக்குள் வரவில்லை. ஆனாலும் அந்தப் பக்கங்களில் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. புதிதாக ஒரு வீட்டுக்குள் அடியெடுத்து வைத்த எந்தப் பெண்ணுக்கும் அந்தப் பயம் தெரியும். நமக்குத்தான், ஐயா, அதை யாராவது எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது.

அறுபதுகளில் அமெரிக்காவில் இந்த வகை நாவல்கள் மலிவுப் பதிப்பாக வந்து குவிந்தன. இருண்ட மாளிகை, மாடியில் ஒரே ஒரு சன்னலில் வெளிச்சம், அங்கிருந்து தலைவிரிகோலமாக ஓடிவரும் பெண்; பெரும்பாலான அட்டைகளில் இதே படம்தான். எழுத்தாளர் ஜோவன்னா ரஸ் 1973-இல் இவற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். யாரோ என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள், அது என் கணவர்தான் என்று நினைக்கிறேன் என்பது அதன் தலைப்பு. கல்யாணம் செய்துகொண்டவர் ஓர் அந்நியர் என்று பிறகு கண்டுகொள்ளும் பெண்களுக்கான கதைகள் இவை என்று பதிப்புத் துறையிலிருந்த ஒருவர் சொன்னதை அதில் எடுத்துக்காட்டுகிறார். ரஸ் இந்த நாவல்களைக் கடுமையாக விமர்சித்தவர். ஆனால் அவற்றைப் படிக்கிறவர்களின் பயம் நிஜம் என்பதை அவர் மறுக்கவில்லை.

இதெல்லாம் மேல்நாட்டுச் சமாச்சாரம் என்று தள்ளிவிட வேண்டாம். ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் கதை என்ன? வணிகர் மகள் பத்திரை, கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் ஒரு கள்வனைக் கண்டு காதல் கொள்கிறாள். அப்பா அவனை மீட்டுக் கட்டிவைக்கிறார். ஒரு நாள் ஊடலில், நீ கள்வன்தானே என்று அவள் வாய்தவறிச் சொல்லிவிட, அவன் அதை மனத்தில் வைத்துக்கொள்கிறான். மலையுச்சிக்கு அழைத்துப் போய், உன்னைக் கொல்லத்தான் கூட்டி வந்தேன் என்கிறான். சாகுமுன் உன்னை வலம்வந்து கும்பிடுகிறேன் என்று சொல்லி, சுற்றி வரும்போது பின்னாலிருந்து அவனைத் தள்ளிவிடுகிறாள் பத்திரை. காப்பியம் தொலைந்துபோய் நம் கைக்கு வந்தவை 19 பாடல்கள்தாம். கதை நீலகேசி என்ற சமண நூலின் உரையில் தங்கி நமக்குக் கிடைத்திருக்கிறது. காதலும் உயிர்ப்பயமும் ஒரே ஆளிடமிருந்து வருவதை இதைவிடத் துல்லியமாக யார் சொல்லிவிட முடியும்?

காதலைக் கலந்து கெடுக்கிறார்கள் என்பது உங்கள் அடுத்த புகார். மேரி ஸ்டூவர்ட் 1958-இல் எழுதிய 'நைன் கோச்சஸ் வெயிட்டிங்' நாவலில் காதலை எடுத்துவிட்டால் கதையே இல்லை. பிரான்சில் ஒரு மாளிகையில் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு ஆசிரியையாக வருகிறாள் நாயகி. அந்தச் சிறுவனைக் கொல்லச் சதி நடக்கிறது. அவள் காதலிப்பவன் அதே குடும்பத்தைச் சேர்ந்தவன். சதியில் அவனுக்குப் பங்கு உண்டா இல்லையா என்று தெரியாது. அவள் அவனை நம்பிக் காத்திருக்கவில்லை. சிறுவனைக் கூட்டிக்கொண்டு இரவில் ஓடுகிறாள். மனம் முழுக்க அவன்மேல் ஆசை இருக்கும்போதே, ஆசை ஒரு சாட்சியம் ஆகாது என்று முடிவெடுக்கிறாள் பாருங்கள், அந்த இடத்துக்காகவே இந்த நாவலை நான் இரண்டு முறை படித்தேன்.

எல்லாமே இந்தத் தரம் என்று சொல்ல வரவில்லை. நாயகியை மிரட்டி, அவமானப்படுத்தி, கை ஓங்கியவனைக் கடைசி அத்தியாயத்தில் 'எல்லாம் அன்பினால்தான்' என்று கழுவிவிடும் கதைகள் நிறைய இருக்கின்றன. அவை பெண்ணின் சந்தேகத்தை வளர்த்துவிட்டு, பிறகு சந்தேகப்பட்டதே அவள் குற்றம் என்கின்றன. அவற்றை உங்கள் மகள் படித்தால் எனக்கும் வருத்தம்தான். ஆனால் அவர் எதைப் படிக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. ஒரு தலைப்புகூட நீங்கள் எழுதவில்லை.

'ரெபெக்கா' அநேகமாக உங்கள் வீட்டிலேயே இருக்கும். மகளிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். மாளிகையில் நடந்தது என்ன என்பதை நான் இங்கே சொல்லவில்லை. பொம்மை உடைகிற இடம் வந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கல்யாணமாகி உங்கள் வீட்டுக்கு வந்த முதல் மாதத்தில் எதற்கெல்லாம் பயந்தார் என்று மனைவியிடம் கேளுங்கள்.