முடிவிலியும் கொலுசுக் கண்ணியும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

கணங்களின் ஆதி எண்களைப் பற்றி, அதாவது ஒரு தொகுப்பில் எத்தனை உறுப்புகள் என்பதைப் பற்றி, சென்ற வாரம் நீங்கள் எழுதிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நான் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன். கணிதத்தைக் கல்லூரியோடு விட்டவன். இயல் எண்களும் இரட்டை எண்களும் சம அளவு என்கிறீர்கள். பாதியை எடுத்து வெளியே வைத்த பிறகும் குறையாத அளவுக்கு என்ன பொருள்? அடுத்த பத்தியிலேயே, புள்ளிக்குப் பின் முடிவின்றி நீளும் எண்களையும் சேர்த்த மெய்யெண்களின் முடிவிலி இன்னும் பெரியது என்கிறீர்கள். அதற்கான மூலைவிட்ட வாதத்தை என் மகள் விளக்கினாள். அதே வித்தையை இயல் எண்களின் மீதே செய்து பார்த்தேன். எல்லா இயல் எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, வலக்கோடியிலிருந்து எண்ணி, முதல் எண்ணில் முதல் இலக்கத்தையும் இரண்டாம் எண்ணில் இரண்டாம் இலக்கத்தையும் மாற்றிக்கொண்டே போனால் பட்டியலில் இல்லாத ஓர் எண் வருகிறதே. அப்படியானால் இயல் எண்களுக்கும் பட்டியல் போட முடியாது என்றல்லவா ஆகும்?

க., செவ்வாய்ப்பேட்டை, சேலம்

அன்புள்ள க.,

உங்கள் கடைசிக் கேள்வியைக் கேட்காமலே கணிதத்தில் பட்டம் பெற்று வெளியேறுபவர்கள் உண்டு. அதற்கு வருமுன் ‘அளவு’ என்ற சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

ஏற்காட்டில் நான் குடியிருக்கும் வீட்டுக்குப் பின்னால் ஒரு காபித் தோட்டம் இருக்கிறது. நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரங்களில் மரத்துக்கொரு மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. மரங்கள் எத்தனை என்று மேஸ்திரிக்குத் தெரியாது. ஆனால் கொடியில்லாத மரமும் மரமில்லாத கொடியும் கண்ணில் படாதவரை இரண்டும் ஒரே எண்ணிக்கை என்று அவர் தயங்காமல் சொல்வார். நீங்கள் கொலுசுகளை ஜோடி சேர்க்கும்போது செய்வதும் இதுவே. ஜோடி சேர்ப்பதற்கு எண்ணத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஒன்று மற்றொன்றைவிடச் சிறியது என்பதற்கு நாம் இரண்டு அளவுகோல்களை வைத்திருக்கிறோம். ஒன்று, அது மற்றதன் உள்ளே அடங்கி, வெளியே ஏதேனும் மிஞ்சுவது. மற்றொன்று, ஜோடி சேர்த்தால் ஆள் போதாமல் போவது. முடிவுறு கணங்களில் இவ்விரண்டும் ஒருபோதும் முரண்படாததால் இவற்றை ஒன்றென்றே நினைத்துப் பழகிவிட்டோம். முடிவுறாக் கணங்களில் இவை பிரிந்துபோகின்றன. ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் வர்க்கம் ஒன்று உண்டு என்பதைக் கவனித்த கலிலியோ, 1638இல் வெளிவந்த தம் நூலில், பெரியது, சிறியது, சமம் என்ற சொற்களே முடிவிலிக்குப் பொருந்தா என்று ஒதுங்கிக்கொண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மன் கணித அறிஞர் ஜார்ஜ் கேன்டர் ஒதுங்கவில்லை. ஜோடி சேர்ப்பதை மட்டும் அளவாக எடுத்துக்கொண்டார். அந்த அளவுகோலின்படி 1க்கு 2, 2க்கு 4, 3க்கு 6 என்று இயல் எண்களும் இரட்டை எண்களும் மிச்சமின்றிச் சேர்கின்றன. நீங்கள் வெளியே எடுத்து வைத்த பாதி முதல் அளவுகோலில்தான் தெரியும், இரண்டாவதில் தெரியாது.

இதில் ஒரு கண்டிப்பு உண்டு. ஒரு விதமாகச் சேர்த்தபோது மிஞ்சியது என்பது எதையும் நிரூபிக்காது. எந்த விதமாகச் சேர்த்தாலும் மிஞ்சும் என்று காட்ட வேண்டும். மெய்யெண்களுக்கு இதைக் கேன்டர் 1874இல் வேறொரு வழியில் காட்டினார். உங்கள் மகள் சொன்ன வாதம் 1891ஆம் ஆண்டுக் கட்டுரையில் உள்ளது. அதில் அவர் எடுத்துக்கொண்டவை எண்களே அல்ல, எம், டபிள்யூ என்ற இரண்டே எழுத்துகளால் ஆன முடிவற்ற தொடர்கள். அதை உங்கள் பட்டறைக்குக் கொண்டுவருகிறேன். இடக்கோடியில் தொடங்கி வலப்புறம் முடிவின்றி நீளும் ஒரு கொலுசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கண்ணியிலும் சலங்கை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இப்படி அமையக்கூடிய எல்லா மாதிரிகளையும் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று வரிசை எண் கொடுத்து அடுக்கிவிட்டதாக ஒருவர் சொல்கிறார். நீங்கள் புதிதாக ஒன்று செய்கிறீர்கள்: அவருடைய முதல் கொலுசின் முதல் கண்ணியில் சலங்கை இருந்தால் உங்களுடையதில் அங்கே வைப்பதில்லை, இல்லையென்றால் வைக்கிறீர்கள், அவருடைய இரண்டாம் கொலுசின் இரண்டாம் கண்ணிக்கும் அப்படியே, மூன்றாவதன் மூன்றாவதற்கும் அப்படியே. உங்கள் கொலுசு அவருடைய நூறாவது கொலுசாக இருக்க முடியாது, நூறாம் கண்ணியில் மாறுபடுகிறது. அவருடைய எந்தக் கொலுசாகவும் இருக்க முடியாது. விட்டுப்போனதைப் பட்டியலின் தலையில் சேர்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னால், அது புதிய பட்டியல். அதற்கும் இதே கதி.

இனி உங்கள் சோதனையை நீங்கள் சொன்னபடியே செய்து பார்ப்போம். 1, 2, 3 என்று வரிசையாக எழுதி, இடப்புறம் காலியாக உள்ள இடங்களில் பூச்சியம் இருப்பதாகக் கொள்வோம். முதல் எண்ணின் ஒன்றாம் இடத்தில் உள்ள 1ஐ 2 ஆக்குகிறீர்கள். இரண்டாம் எண்ணான 2இல் பத்தாம் இடம் பூச்சியம், அதை 1 ஆக்குகிறீர்கள். மூன்றாம் எண்ணின் நூறாம் இடம் பூச்சியம், அதுவும் 1. இப்படியே போனால் கிடைப்பது …11112. இடப்புறம் ஒன்றுகள் எங்கும் நிற்பதில்லை. இது பட்டியலில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் இது இயல் எண்ணும் அல்ல. இயல் எண் எவ்வளவு பெரியதானாலும் அதன் இலக்கங்கள் ஓரிடத்தில் தீர்ந்துவிடும். ஒன்றோடு ஒன்றைக் கூட்டிக்கொண்டே போய் அடையக்கூடியதுதான் இயல் எண். வேறு எந்த வரிசையில் எழுதினாலும், விட்டுப்போனதாக நீங்கள் கண்டுபிடிப்பது இப்படி இடப்புறம் முடிவற்று ஓடுகிற ஒன்றாகவே இருக்கும். அதே இலக்கங்களைத் திருப்பிப் புள்ளிக்கு வலப்புறம் வையுங்கள்: 0.2111… என்று வரும், அது 19/90 என்ற ஒழுங்கான மெய்யெண். வலப்புறம் முடிவின்றி நீள மெய்யெண்ணுக்கு உரிமை உண்டு, இடப்புறம் நீள இயல் எண்ணுக்கு உரிமை இல்லை. கேன்டரின் வாதம் ஓரிடத்தில் செல்லுபடியாகி மற்றோரிடத்தில் செல்லாமல் போவதற்கு இவ்வளவுதான் காரணம்.

உங்களுக்குப் பதில் எழுதுவதற்காகக் கட்டுரையைத் திரும்பப் படித்தபோது என் பிழை ஒன்று கண்ணில் பட்டது. இயல் எண்களின் ஆதி எண் அலெஃப்-பூச்சியம் என்று எழுதியது சரி. மெய்யெண்களின் ஆதி எண் அலெஃப்-ஒன்று, அதாவது அதற்கு அடுத்த முடிவிலி, என்று எழுதியது தவறு. இரண்டுக்கும் இடையே வேறொரு முடிவிலி இல்லை என்பது 1878இல் கேன்டர் முன்வைத்த ஊகம் மட்டுமே. 1900இல் பாரிஸில் கணித அறிஞர் ஹில்பர்ட் அறிவித்த, தீர்க்கப்படாத கணக்குகளின் பட்டியலில் முதலாவதாக நின்றது அதுதான். கணக் கோட்பாட்டின் வழக்கமான அடிகோள்களுக்குள், அதாவது நிரூபிக்காமலே ஏற்றுக்கொள்ளும் அடிப்படைகளுக்குள், முரண்பாடு இல்லையென்றால், அவற்றைக் கொண்டு அதைப் பொய்யென்று நிறுவ முடியாது என்று 1930களின் இறுதியில் கோடலும், மெய்யென்றும் நிறுவ முடியாது என்று 1963இல் பால் கோயனும் காட்டினார்கள். நிச்சயமாகச் சொல்லக்கூடியது உங்கள் கொலுசிலேயே இருக்கிறது: கண்ணிகள் அலெஃப்-பூச்சியம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய்ப்பு, ஆகவே மொத்த மாதிரிகள் இரண்டின் அலெஃப்-பூச்சிய அடுக்கு. மெய்யெண்களும் அதே அளவுதான். கட்டுரையில் அலெஃப்-ஒன்று என்று இருந்த இடத்தில் இரண்டின் அலெஃப்-பூச்சிய அடுக்கு என்று இன்று காலை திருத்திவிட்டேன். ஏற்கெனவே அச்செடுத்து வைத்திருந்தால் உங்கள் மகளிடம் சொல்லி அந்த ஒரு வரியைப் பேனாவால் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.