அப்பாச்சி ஏன் ஓடவில்லை?

கேள்வி: வெப்சைட் எழுதும் மொழியான பிஎச்பி பழக, வீட்டு விண்டோஸ் கம்ப்யூட்டரில் எக்ஸாம்ப் (வெப் சர்வர், டேட்டாபேஸ் எல்லாம் சேர்ந்த தொகுப்பு) போட்டேன். அதில் உள்ள வெப் சர்வரான அப்பாச்சி ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடுகிறது. திரும்ப இன்ஸ்டால் செய்யவா?

பதில்: வேண்டவே வேண்டாம். அநேகமாக அப்பாச்சிக்கு வேண்டிய 80-ஆம் போர்ட்டை (சர்வர் பேசும் வாசல் எண்) வேறொரு ப்ரோகிராம் பிடித்து வைத்திருக்கும், ஒரே போர்ட்டில் இரண்டு சர்வர் உட்கார முடியாது. எக்ஸாம்ப் கண்ட்ரோல் பேனலில் ‘நெட்ஸ்டாட்’ பட்டனை அழுத்தினால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அது தேவையில்லாத ப்ரோகிராம் என்றால் நிறுத்துங்கள், தேவை என்றால் அப்பாச்சிக்கு நேரே உள்ள ‘கான்ஃபிக்’கில் முதல் ஃபைலைத் திறந்து ‘லிசன் 80’ என்பதை ‘லிசன் 8080’ ஆக மாற்றி சேவ் செய்யுங்கள். அப்புறம் ப்ரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் (உங்கள் கம்ப்யூட்டரையே குறிக்கும் முகவரி) என்பதோடு முக்காற்புள்ளி (:) வைத்து 8080 சேர்த்துத் திறக்க வேண்டும், பலர் மறப்பது இதைத்தான். இன்னொன்று, எக்ஸாம்போடு வரும் டேட்டாபேஸின் ரூட் கணக்குக்கு (முழு அதிகாரம் உள்ள கணக்கு) பாஸ்வேர்டே கிடையாது, அதனால் தயவுசெய்து இதை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடாதீர்கள்.