உறைந்த மீனில் வெள்ளைத் திட்டு, கட்டிதட்டிய இறால்: சாப்பிடலாமா?

கேள்வி: உறைய வைத்த மீன் துண்டுகளும் இறாலும் வாங்கி, பாக்கெட்டைப் பிரித்துப் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை ஃப்ரீசரில் வைத்தேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் மீனின் ஓரமெல்லாம் வெள்ளையாகக் காய்ந்திருக்கிறது. உதிரியாக இருந்த இறால் ஒரே கட்டியாகிவிட்டது. இரண்டையும் கொட்டிவிட வேண்டியதுதானா?

பதில்: மீனைக் கொட்ட வேண்டாம். காற்றுப் பட்டால் மீனில் இருக்கும் ஐஸ், தண்ணீராக உருகாமலே ஆவியாகிப் போய்விடும். அந்த இடம்தான் வெளுத்து நார்நாராகத் தெரிகிறது. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ருசிதான் போச்சு. அந்த ஓரத்தைச் சீவிவிட்டுச் சமைக்கலாம்.

எனக்குக் கவலை இறாலைப் பற்றித்தான். உதிரி இறால் கட்டியானால், பெரும்பாலும் நடுவில் ஒருமுறை இளகி மறுபடி உறைந்திருக்கிறது என்றே பொருள். மின்சாரம் போயிருக்கலாம், ஃப்ரீசர் கதவு சரியாக மூடாமல் இருந்திருக்கலாம். குளிர் கிருமிகளைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும். எவ்வளவு நேரம் இளகிக் கிடந்தது என்று தெரியாவிட்டால், மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள். கடையிலேயே பாக்கெட் கட்டியாக இருந்தாலோ, உள்ளே ஐஸ் துகள் நிறைய இருந்தாலோ வாங்காதீர்கள்.

பிரித்த பாக்கெட்டை அப்படியே மடித்து வைப்பதுதான் பலரும் செய்யும் தப்பு. ஒரு வேளைக்கு ஆகும் அளவாகப் பிரித்து, காற்றை நன்றாக அழுத்தி வெளியேற்றி, இறுக மூடி, தேதி எழுதி வையுங்கள். கதவுத் தட்டு வேண்டாம், திறக்கும்போதெல்லாம் அங்கேதான் வெப்பம் ஏறும். உள்ளே தள்ளி, பின்பக்கமாக வையுங்கள். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். கொழுப்பு அதிகமுள்ள மீன் என்றால் இரண்டு மூன்று மாதத்துக்குள் சமைத்துவிடுங்கள், அதன் எண்ணெய் சிக்குவாடை அடிக்கும். கொழுப்பு குறைந்த மீன் ஆறு மாதம்கூடத் தாங்கும்.

அப்புறம், உறைந்ததை இளக்குவது. முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், நீர் வடியாதபடி ஒரு கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். மேடையில் வெளியே வைக்கக் கூடாது. காற்று உறிஞ்சி ஒட்டிய பாக்கெட்டாக இருந்தால், இளக வைக்கும் முன்பே கத்தரித்துத் திறந்துவிடுங்கள். காற்றில்லாத இடத்தில், ஃபிரிட்ஜின் குளிரிலும் வளர்ந்து நஞ்சு உண்டாக்கும் கிருமி ஒன்று மீனில் இருக்கக்கூடும். இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். அவசரமென்றால் நீர் புகாத கவரில் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி, இளகியதும் உடனே சமையுங்கள்.