கிணறு ஏன் உப்பானது? உப்பும் தண்ணீரும், கேள்வி பதில்

உப்பையும் தண்ணீரையும் பற்றி எதையும் கேளுங்கள் என்றதும் பாதிக்கு மேல் கிணற்றுக் கேள்விதான் வந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கல்லடியிலிருந்து: சேர், வாளியில் அள்ளிய காலத்தில் எங்கட கிணறு நல்ல தண்ணீர். மோட்டர் போட்ட பிறகு ஆடி, ஆவணியில் சவர்க்கிறது. இன்னும் ஆழமாக்கினால் சரி வருமா?

தயவுசெய்து ஆழமாக்க வேண்டாம் தம்பி. உங்களுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவிலுள்ள மணலுக்குள் மாரி மழை இறங்கி, அடியில் ஊறி நிற்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிறது, அதைத்தான் நீங்கள் குடிக்கிறீர்கள். ஒரு லீற்றர் நல்ல தண்ணீர் ஏறத்தாழ 1000 கிராம், கடல் தண்ணீர் 1025 கிராம், இந்தச் சின்ன வித்தியாசத்தால்தான் ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் நிற்கிறது. கணக்குப் பார்த்தால், கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நல்ல தண்ணீர் நின்றால் கடல் மட்டத்துக்குக் கீழே 40 மீற்றர் வரை நல்ல தண்ணீர் இருக்கலாம். இதையே திருப்பிப் பாருங்கள்: மோட்டர் விடாமல் இழுத்து மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கி அப்படியே நின்றுவிட்டால், அடியிலுள்ள உப்பு 4 மீற்றர் மேலே வரப் பார்க்கும். ஆழமாக வெட்டினால் நீங்களே உப்பைத் தேடிப் போகிறீர்கள். சின்ன மோட்டராகப் போட்டு, காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சம் என்று இறையுங்கள், இடையில் கிணறு ஊறட்டும். பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள், அடியில் இருப்பது எல்லோருக்கும் ஒரே தண்ணீர்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: 2004 சுனாமிக்குப் பிறகு கிணறுகளை இறைத்து இறைத்துப் பார்த்தும் உப்புப் போகவில்லையே, ஏன்?

அதே காரணம்தான். கிணற்றுக்குள் நிற்பதை இறைத்துவிடலாம், ஆனால் கடல் ஏறிய நிலம் முழுக்க மணலுக்குள் உப்பு இறங்கியிருந்தது. இறைக்க இறைக்கச் சுற்றியுள்ள மணலிலிருந்தும் உப்பு வந்தது, அடியிலிருந்தும் ஏறியது. கழுவி இறக்கியது பின்னால் வந்த மாரி மழைகள். இனியும் அப்படி ஒன்று வந்தால், சேற்றையும் அழுக்கையும் எடுக்க மெதுவாக ஒரு தடவை இறைத்துவிட்டு மழைக்கு விடுங்கள். அந்த நேரத்தில் பதறிப்போய் இறைப்பதுதான் கூடாத வேலை.

வாழைச்சேனையிலிருந்து: கொதிக்க வைத்தால் உப்புப் போகுமா?

போகாது அக்கா. தண்ணீர் ஆவியாகும், உப்பு பானையிலேயே நிற்கும், அதனால் மிஞ்சும் தண்ணீர் இன்னும் கரிக்கும். ஆவியைப் பிடித்துக் குளிர வைத்தால் கிடைப்பதுதான் உப்பில்லாத தண்ணீர்.

அக்கரைப்பற்றிலிருந்து: விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டு எடுப்பார்கள், முட்டையும் போடுவார்கள். முட்டை எதற்கு?

அருமையான கேள்வி. தண்ணீர் போதிய பாரமாகிவிட்டதா என்று முட்டைதான் சொல்லும். 10 லீற்றர் தண்ணீரில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ உப்பைக் கரையுங்கள். முதலில் அடியில் கிடக்கும் முட்டை, உப்புக் கரையக் கரைய நிமிரும், அப்புறம் மெல்ல எழும்பி, ஒரு பக்கம் காசு அளவுக்கு வெளியே தெரிய மிதக்கும். அப்போது நெல்லைக் கொட்டுங்கள், சப்பி நெல்லும் அரைவிளைச்சலும் மேலே வந்துவிடும், முற்றிய மணி மட்டும் அடியில் தங்கும். முட்டை புதிதாக இருக்க வேண்டும், பழைய முட்டை வெறும் தண்ணீரிலேயே மிதக்கும். எடுத்த நெல்லை உடனே இரண்டு மூன்று தண்ணீரில் கழுவுங்கள், உப்பு ஒட்டியிருந்தால் முளைப்புக் கெடும்.

கல்முனையிலிருந்து: போட்டில் ஐஸுக்குள் உப்புப் போட்டால் மீன் கூட நாள் நிற்குமா?

குளிர் கூடும், ஆனால் ஐஸ் சீக்கிரம் முடிந்துவிடும். உப்புப் பட்ட ஐஸ் 0 பாகைக்குக் கீழேயும் உருகும், உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியிருப்பதிலிருந்து இழுக்கும். மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு என்றால் -21 பாகை வரைகூட இறங்கலாம். அந்தக் குளிரில் மீனின் வெளிப்பக்கம் உறைந்து, பிறகு இளகும்போது சதை தளர்ந்துவிடும். மீனுக்கு 0 பாகைக்குக் கிட்ட இருந்தால் போதும், உப்புக்குக் கொடுக்கும் காசுக்கு இன்னும் கொஞ்சம் ஐஸ் வாங்குங்கள்.

ஓட்டமாவடியிலிருந்து: மாரியில் உப்புப் போத்தல் ஏன் நீர் விடுகிறது?

காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே ஈரத்தை இழுக்கும். கல்லுப்பில் கொஞ்சம் மகனீசியம் குளோரைட்டும் ஒட்டியிருக்கும், அது அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே இழுக்கத் தொடங்கிவிடும். இறுக்கமான மூடியுள்ள போத்தலில் வையுங்கள், ஈரக் கரண்டி போடாதீர்கள்.