ஒரே ரெவிட் மாடலில் நாலு பேர்: ஆபீஸ் நெட்வொர்க் கேள்வி பதில்

கேள்வி: நாங்க நாலு பேர் ரெவிட்டில் (கட்டட வடிவமைப்பு மென்பொருள்) ஒரே மாடலில் வேலை செய்றோம், சர்வர் கிடையாது. ஒருத்தர் கம்ப்யூட்டர்லயே ஷேர் போல்டர் போட்டு சென்ட்ரல் ஃபைல் (எல்லோருக்கும் பொதுவான மூல மாடல்) வைக்கலாமா சார்?

பதில்: வைக்கலாம். அந்தக் கம்ப்யூட்டர் வேலை நேரத்தில் ஸ்லீப்புக்குப் போகக்கூடாது. முக்கியமான சிக்கல் வேறு இடத்தில். சேமித்த பாதையை சென்ட்ரல் ஃபைல் தனக்குள் எழுதிவைக்கும். அந்த இயந்திரக்காரர் 'சி டிரைவ்' வழியாகச் சேமித்தால் மற்றவர்களுக்கு "சென்ட்ரல் இடம் மாறிவிட்டது" என்று வரும். அவரும் நெட்வொர்க் பாதை வழியாகத்தான் சேமிக்க வேண்டும், அவரும் லோக்கல் காப்பியில்தான் (சென்ட்ரலிலிருந்து எடுத்த தன் சொந்த நகலில்) வேலை செய்ய வேண்டும். போல்டரின் பெயரைப் பிறகு மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் எல்லோரும் சிங்க் செய்து (தங்கள் மாற்றங்களை சென்ட்ரலோடு சேர்த்து) மூடியபின், டிடாச் செய்து (பழைய சென்ட்ரலோடு தொடர்பைத் துண்டித்து) திறந்து, புதிய இடத்தில் புது சென்ட்ரலாகச் சேமியுங்கள். பழைய லோக்கல் காப்பிகள் இனி உதவாது.

கேள்வி: கூகுள் டிரைவ் போல்டரில் வைத்தால்?

பதில்: வேண்டவே வேண்டாம். யார் எந்தச் சுவரை எடிட் செய்யப் பிடித்திருக்கிறார் என்ற தகவல் அந்தக் கணமே சென்ட்ரலில் பதிய வேண்டும். டிரைவ் அதைத் தாமதமாகத்தான் நகலெடுக்கும்.

கேள்வி: சிங்க் ரொம்ப மெதுவா இருக்கு. மாடல் 300 எம்பி.

பதில்: முதலில் நெட்வொர்க் அடாப்டர் காட்டும் வேகத்தைப் பாருங்கள். 1 ஜிபிபிஎஸ்ஸுக்குப் பதில் 100 எம்பிபிஎஸ் என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். கிகாபிட்டுக்கு நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும், ஒன்று அறுந்தாலும் வேகம் 100க்கு இறங்கிவிடலாம். அந்த வேகத்தில் 300 எம்பி கடக்கவே 24 நொடிக்கு மேல். வைஃபையில் சிங்க் செய்பவர் இருந்தால் அவருக்கும் வயர் இழுங்கள். ஃபைலைச் சுருக்கும் 'காம்பாக்ட்' டிக்கை ஒவ்வொரு சிங்க்கிலும் போட வேண்டாம், வாரம் ஒருமுறை போதும். எல்லோரும் சாப்பாட்டு நேரத்தில் ஒன்றாக சிங்க் அடித்தால் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

கேள்வி: ஒருத்தர் லீவில் போய்ட்டார், படிக்கட்டை எடிட் செய்ய விடமாட்டேங்குது.

பதில்: அவர் இயந்திரத்தில் அவர் லோக்கலைத் திறந்து சிங்க் செய்து, ரிலிங்க்விஷ் கொடுங்கள், அவர் பிடித்திருப்பது விடுபடும். இயந்திரமே கையில் இல்லையென்றால், ஆட்டோடெஸ்க் கணக்கிலிருந்து வெளியேறி, ஆப்ஷன்ஸில் யூசர்நேமை அவர் பெயருக்கு மாற்றி, புது லோக்கல் எடுத்து விடுவிக்கலாம். அவர் சிங்க் செய்யாத வேலை போய்விடும், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ரெவிட்டுக்கு ஆள் என்றால் யூசர்நேம்தான். அதனால்தான் எல்லா இயந்திரத்திலும் 'அட்மின்' என்று இருந்தால் பூட்டுக்கே அர்த்தமில்லை.

கேள்வி: ரெவிட் எல்டியில் (வசதிகள் குறைந்த பதிப்பு) இதெல்லாம் நடக்குமா?

பதில்: நடக்காது, எல்டியில் பலர் ஒரே மாடலில் வேலை செய்யும் வொர்க்‌ஷேரிங் இல்லை. கட்டடத்தைப் பகுதி பகுதியாகத் தனி ஃபைலாக்கி லிங்க் செய்யுங்கள். ஒரு ஃபைலுக்கு ஒரே ஆள்.